நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், அம்மா

"மைக்ராஸ்கோப் பார்க்கிறவரை நாலு பேர் டாக்டர் என்பார்களா?" என்று நாத்தனார் கேட்டதைச் சொல்லும்போதே உங்களுக்குத் தொண்டை அடைத்தது. மகளின் நீட் பி.ஜி. ரேங்குக்கு அரசுக் கல்லூரியில் எம்.டி. பேத்தாலஜி, அதாவது உடல் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் படிப்பு, கிடைக்கும். சொந்தக்காரர்களோ நிலத்தை விற்றாவது ஸ்கேன், எக்ஸ்ரே பார்க்கும் ரேடியாலஜியில் சேர்க்கச் சொல்கிறார்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் விற்காதீர்கள்.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் நோட்டைப் பிரித்துக் காட்டினார். நடுவில் கோடு விழுந்த காப்பிக்கொட்டை மாதிரி செல் உட்கருக்கள், பென்சிலில். சினைப்பையில் அரிதாக வரும் கிரானுலோசா செல் கட்டி அது. அறுவை முடிந்து 20 வருடம் கழித்தும் திரும்பலாம் என்பதால், முதல் தடவையே பெயரைச் சரியாகச் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று, முதிராத டெரட்டோமா. இதுவும் சினைப்பைக் கட்டிதான், இளம்பெண்களுக்கு வருவது. கட்டிக்குள் தோல், முடி, குருத்தெலும்பு எல்லாம் கலந்து கிடக்கும். பேத்தாலஜிஸ்ட் தேடுவது, கருவில் இருப்பது போன்ற முதிராத நரம்புத் திசுவை. சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாவது எடுக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் கட்டி என்றால் 15 துண்டு. அப்புறம் ஒவ்வொரு ஸ்லைடாகக் குறைந்த உருப்பெருக்கத்தில் நகர்த்திப் பார்ப்பார்கள். அந்தத் திசு எந்த ஸ்லைடிலும் ஒரு பார்வைவட்டத்தை, அதாவது மைக்ராஸ்கோப்பில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டத்தை, தாண்டவில்லை என்றால் கட்டியின் தீவிரம் கிரேடு 1. மூன்று வட்டம் வரை கிரேடு 2. அதற்கும் மேலே போனால் 3. நோய் சினைப்பையோடு நின்ற கிரேடு 1 என்றால் பொதுவாக அறுவையே போதும். கிரேடு கூடினால், வயது வந்தவர்களுக்குக் கீமோ சேர்ப்பது வழக்கம். கட்டி வந்த அந்தப் பெண் உங்கள் மகளின் முகத்தைக்கூடப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் அவளுக்குக் கீமோ ஏறுமா என்பது இவர் எழுதும் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது. இவரை டாக்டர் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ரேடியாலஜி நல்ல படிப்புதான். ஆனால் மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கோடிக்கணக்கில் கேட்கிறார்கள். மனம் ஒட்டாத படிப்புக்கு அவ்வளவு கொட்டக் கூடாது. அரசு இடத்தில் கட்டணம் குறைவு, மூன்று வருடமும் உதவித்தொகை உண்டு. படிப்பு முடிந்தபின் அரசுப் பணி செய்வதற்கான சேவை ஒப்பந்தத்தை மட்டும் முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆரம்பச் சம்பளம் ரேடியாலஜியைவிடக் குறைவாக இருக்கும், உண்மைதான். எம்.டி. முடித்தபின் மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களில் புற்றுநோய்ப் பேத்தாலஜியில் மேற்பயிற்சிக்கும் போகலாம்.

கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலை மகளே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நாத்தனாருக்குச் சேர்க்கை முடிந்தபின் போன் செய்தால் போதும்.