முதுமையைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கலாமா?

சீனி வருத்தம் (நீரிழிவு) இல்லாத 67 வயது அம்மாவுக்கு, அந்த வருத்தத்துக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையைக் கொடுத்தால் முதுமை தள்ளிப்போகுமா, ராபமைசின் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். நான் டாக்டர் இல்லை, இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள், அம்மாயிக்காக இரண்டு வருடமாக இதைத் தேடித் தேடி வாசிக்கிறேன்.

ராபமைசின் பற்றிக் கேள்விப்பட்டது பொய் இல்லை. ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவில் கிடைத்த மருந்து அது. தீவின் சொந்தப் பெயர் ராபா நூயி, அதுதான் மருந்துக்கும் வந்தது. 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 600 நாள் வயதான, நம் கணக்கில் 60ஐத் தொட்ட எலிகளுக்குக் கொடுத்தும் ஆயுள் கூடியது. செல்லை 'வளர், வளர்' என்று விரட்டும் எம்டோர் என்ற புரதத்தை அது அடக்குகிறது, அப்போது செல் உள்ளே சேர்ந்த பழுதுகளை உடைத்துத் துப்புரவாக்கத் தொடங்குகிறது. ஆனால் மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்பை அடக்கக் கொடுப்பதும் இதே மருந்துதான். கூண்டு எலிக்கு மழை இல்லை, பனி இல்லை, ஈரம் ஊறிய லயத்து வீட்டுச் சுவரும் இல்லை; நமக்கு நோய் தொற்ற அத்தனையும் இருக்கிறது.

மெட்ஃபார்மின் சீனி வருத்தக்காரருக்கு அருமையான மருந்து, கிளினிக்கில் கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஆனால் 2019இல் வந்த ஓர் ஆய்வில், சீனி வருத்தம் இல்லாத 65 வயதுக்கு மேற்பட்டவர்களை 14 வாரம் பாரம் தூக்கிப் பயிற்சி செய்ய வைத்தபோது, மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்குத் தசை குறைவாகத்தான் வளர்ந்தது. அதை வாசித்ததும் எனக்கு அம்மாயியின் தொடைதான் ஞாபகம் வந்தது.

நாற்பது வருடம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறிய கால்கள். 71 வயதில் ஒரு காய்ச்சல், மூன்று வாரம் படுக்கை, அப்புறம் வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். எழும்ப வேண்டுமென்றால் கதவு நிலையைப் பிடித்து, ஒரு ஆட்டம், இரண்டு ஆட்டம், மூன்றாவதில்தான் உடம்பு மேலே வரும். தொடையை என் இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்துவிடலாம். கொழும்பில் இருந்து வருகிற சொந்தமெல்லாம் சத்து மா டின் கொண்டுவந்து வைத்தார்கள்.

1990இல் பொஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் காலுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள், வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில்! 1994இல் அதே குழு 100 பேரிடம் செய்து பார்த்ததில், பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு கூடவில்லை. சத்து மா டின்களை நம்பியிருந்த எங்களுக்கு இது பெரிய விஷயம்.

டாக்டரிடம் பிரெஷரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தோம். பிளாஸ்டிக் கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, நான் முன்னால் நின்று, கையை ஊன்றாமல் எழும்பி உட்காருவது. முதல் நாள் இரண்டு தடவை, அதற்கே கால் நடுங்கியது. பத்து வந்ததும் கையில் தண்ணீர் போத்தல்கள். அந்தப் பொஸ்டன் ஆட்களுக்கே பயிற்சியை விட்ட நான்கு வாரத்தில் வலுவில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது, அதனால் நாங்கள் விடவில்லை. ரொட்டியும் சம்பலுமாக இருந்த சாப்பாட்டில் தினமும் ஒரு முட்டை, இல்லாவிட்டால் பருப்பும் நெத்தலியும் சேர்த்தோம்.

அம்மாயிக்கு இதனால் ஆயுள் கூடுமா என்று நான் யோசிப்பதே இல்லை. ஐந்தாம் மாதம் அவர் வாளியை எடுத்துக்கொண்டு படி இறங்கி, தண்ணீர் விழும் பீலியில் தன் சேலையைத் தானே அலசிக்கொண்டு வந்தார். உங்கள் அம்மா கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்புகிறாரா? இன்றைக்கே பாருங்கள், பக்கத்தில் நின்றுகொண்டு.