ராணுவ ஆர்டருக்கு 2 லட்சம் கொடுக்கலாமா?

திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "20 மெஷினில் டி-ஷர்ட் தைக்கிறேன். ராணுவச் சீருடை ஆர்டர் எடுத்துத் தருவதாக ஒருவர் 2 லட்சம் கேட்கிறார். கடிதமும் காட்டினார். நம்பலாமா?"

வேண்டாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அசோகச் சின்னம் போட்ட கடிதத்தை இப்போது எந்த ஜெராக்ஸ் கடையிலும் அடிக்கலாம். அவரிடம் டெண்டர் எண்ணைக் கேளுங்கள். அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் (GeM) இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் வாங்குகிறார்கள், எத்தனை உருப்படி, கடைசித் தேதி என்ன என்று யாருக்கும் தெரியும். எண் கேட்டதும் "மேலிடத்து விஷயம்" என்று இழுத்தால் போனை வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. ராணுவத்தினர் களத்தில் போடும் சீருடையான கள உடை பனியன் துணியில் தைப்பதல்ல, நெசவுத் துணியில் தைப்பது. உங்களிடம் இருப்பது பனியன் துணிக்கான ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள். பட்டன் துளை போடும் காஜா மெஷின் இருக்கிறதா? இல்லாவிட்டால் உள்ளே போடும் டி-ஷர்ட், பனியன் டெண்டர்களைப் பாருங்கள். ஆவடி, ஷாஜஹான்பூர் போன்ற ஊர்களில் உள்ள அரசு ஆலைகளும் சீருடை தைக்கின்றன. 2021 அக்டோபரிலிருந்து அவை ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. 2022 ஜனவரியில் வந்த புதிய கள உடையின் டிசைன் உரிமை ராணுவத்துடையது. யாரோ சொன்னார்கள் என்று அதைத் தைத்து வெளியில் விற்றால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

ஜெம் பதிவுக்கும், குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவுக்கும் கட்டணம் கிடையாது. ஆதார், பான் வைத்துக்கொண்டு நீங்களே உட்கார்ந்து செய்யலாம். இதற்குப் போய் 10,000, 15,000 வாங்குகிற "கன்சல்டன்ட்"களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இ.எம்.டி. என்கிற முன்வைப்புத் தொகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டெண்டர் போடும்போதே அதன் மதிப்பில் 2 முதல் 5 சதவீதம் கட்ட வேண்டியது அது. குறு, சிறு நிறுவனம் என்றால் உங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் உத்யம் சான்றிதழில் 'உற்பத்தி' என்று இருக்க வேண்டும். 'வியாபாரம்' என்று பதிந்தவருக்கு விலக்கு கிடையாது. சரி, உற்பத்தி என்றே பதிந்துவிட்டீர்கள், டெண்டரும் கிடைத்துவிட்டது. வேலையை ஒழுங்காக முடிப்பீர்கள் என்பதற்குப் பிணையாக அப்போது கேட்கும் செயல்திறன் உத்தரவாதத் தொகை வேறு. அதற்கு இந்த விலக்கு செல்லாது, வங்கி கேரண்டியோ டெபாசிட்டோ கொடுத்தே ஆக வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைத்து, ஆர்டர் கிடைத்த பிறகு நகையை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பணம். சரக்கை வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று குறு, சிறு நிறுவனங்களுக்கான சட்டம் சொல்கிறது. அந்த வட்டியைக் கேட்டுவிட்டு அடுத்த டெண்டருக்கு அதே வாசலில் போய் நிற்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? நூல் கடைக்காரருக்கும் சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் மூன்று, நான்கு மாதம் தாக்குப்பிடிக்கக் கையில் பணம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். அந்த 2 லட்சத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.