மன்னிப்பு என்னும் ஒரே சொல்

மதிப்பிற்குரிய ஐயா,

அப்பா காலமானபின், சாட்ஸ்வர்த் வீட்டில் அம்மாவுக்குரிய பங்கைச் சித்தப்பா தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அம்மாவும் இப்போது இல்லை. படுத்த படுக்கையாக இருக்கும் சித்தப்பா மன்னிப்புக் கேட்டு ஆளனுப்புகிறார். “நிறவெறி ஆட்சிக்காலக் குற்றங்களை நாடே மன்னித்ததே, உன்னால் முடியாதா?” என்கிறார்கள் உறவினர்கள். நான் என்ன செய்யட்டும்?

– வாசகி, டர்பன்

அன்புள்ள சகோதரி,

உங்கள் உறவினர்கள் சொல்லும் உதாரணம் பொருந்தாது. நம் தென்னாப்பிரிக்க அரசு அக்குற்றங்களைத் தண்டிக்கும் தன் உரிமையைத்தான் விட்டுக்கொடுத்தது. அதற்கும் மனம் பொறுத்தருள்வதற்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவதால் வந்த குழப்பம் இது. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது மன்னிப்புக் கோரியவர் தம் குற்றம் அரசியல் நோக்கம் கொண்டதென்று காட்டி, முழு உண்மையையும் சொல்லவேண்டும். வருந்தவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. விண்ணப்பித்த 7,000க்கும் மேற்பட்டோரில் 849 பேருக்கே அது கிடைத்தது. கிடைத்தவர்மீது இழப்பீட்டு வழக்குக்கூடத் தொடர முடியாது. 1981இல் டர்பனை அடுத்த உம்லாசியில் கொல்லப்பட்ட, நிறவெறி ஆட்சியை எதிர்த்த வழக்கறிஞர் கிரிஃபித்ஸ் எம்செங்கேயின் குடும்பத்தார் இச்சட்டத்தை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றம்வரை சென்று, 1996இல் தோற்றார்கள். அக்கொலைக்கு ஆளேவிய காவல்துறை அதிகாரிக்கு மறு ஆண்டே பொது மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் மன்னிக்காமலிருக்கும் உரிமையை எந்தச் சட்டமும் அக்குடும்பத்திடமிருந்து பறிக்கவில்லை. உங்களுக்கும் அந்த உரிமை உண்டு.

இருந்தாலும், முழு உண்மை வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையை நாம் வீட்டுக்குள்ளும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். என்னிடம் வாங்கிய பணத்தை இல்லையென்று சாதித்த உறவினர் ஒருவர், ஆண்டுகள் கழித்து, தைப்பூசக் காவடிக்கு விரதமிருந்த நாளில் வீட்டுக்கு வந்தார். தேநீரைக் குடிக்காமல் கோப்பையின் விளிம்பையே விரலால் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னித்துக்கொள்” என்றார். பரவாயில்லை என்று சொல்லி அனுப்பினேன். அந்த ‘ஏதாவது’ இன்றுவரை என்னை உறுத்துகிறது. பணத்தை வாங்கினேன் என்று அவர் சொல்லியிருந்தால் அன்றே ஆறியிருக்கும்.

ஆகவே சித்தப்பாவிடம் கேளுங்கள்: எந்தத் தாளில், என்ன சொல்லி அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார்? அவர் வாயாலேயே சொல்லட்டும். சொன்னபின், உங்களுக்கு நேர்ந்ததை நீங்கள் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். அம்மாவுக்கு இழைத்ததை மன்னிக்கக்கூடியவர் அம்மா மட்டுமே. அதைச் சித்தப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மன்னித்த பிறகுதான் போய்ப் பார்க்கவேண்டும் என்பதில்லை. கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.