வீட்டு ஒலிச் சாதனங்களும் எர்த் இணைப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நாகர்கோவில் வாசகர்: ஐயா, ஆம்ப்ளிபையரின் பின்புறம் ஒரே வயரால் இணைக்கும் 'கிரவுண்டிங் பாக்ஸ்' வாங்கினால் பாட்டு தெளிவாகக் கேட்கும் என்கிறார்கள். விலைதான் மலைக்க வைக்கிறது. வாங்கலாமா?

வாங்க வேண்டாம். இவ்வகைப் பெட்டிகளில் பலவற்றுக்குள் தாதுப் பொடியும் உலோகத் தகடும் இருக்கின்றனவே தவிர, மண்ணோடு அவற்றுக்குத் தொடர்பே இல்லை. மின்னோட்டம் பாய வேண்டுமானால் அது திரும்பி வரவும் பாதை வேண்டும். ஒற்றை வயரில் தொங்கும் பெட்டி உங்கள் ஆம்ப்ளிபையரின் உறுமலை இழுத்துக்கொள்ளும் என்பதற்கு மின்னியலில் இடமில்லை. ஏற்கெனவே வாங்கியவர்கள், வயர் செருகியிருக்கிறதா இல்லையா என்பது தமக்குத் தெரியாதபடி வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கட்டும்.

மார்த்தாண்டம் வாசகர்: கம்ப்யூட்டரை ஆம்ப்ளிபையரில் இணைத்தால் 'உம்ம்' என்று இரைகிறது. பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. உள்ளே ஃபேஸ் வயர் இரும்புக் கூட்டில் பட்டுவிட்டால், தொடுபவருக்கு 230 வோல்ட் அடிக்கும். உறுமலுக்குக் காரணம் எர்த் இருப்பது அன்று, இரண்டு வழிகளில் இருப்பதுதான். இரு சாதனங்களும் வெவ்வேறு பிளக் பாயிண்ட் வழியாக எர்த்தைத் தொடும்போது, அவற்றை இணைக்கும் ஆடியோ வயரின் மேலுறையும் சேர்ந்து ஒரு வளையம் உருவாகி, அதில் ஓடும் சிறு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கிறது. முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். தீரவில்லையெனில், டிவியும் இணைந்திருக்குமானால், கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி அதுவே. அதற்கும் மசியாவிட்டால், ஆடியோ வயரின் நடுவே, நேரடி மின் இணைப்பில்லாமல் ஒலிச் சிக்னலை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சேர்க்கலாம். எல்லா இன்புட் வயர்களையும் எடுத்த பின்னும் இரைந்தால் எர்த்தைக் குறை சொல்லாதீர்கள். ஆம்ப்ளிபையரின் பவர் சப்ளையில் உள்ள பெரிய கெபாசிட்டர்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

குலசேகரம் வாசகர்: எங்கள் வீடு பாறைச் சரிவில் இருக்கிறது. ஒலிச் சாதனங்களுக்கு மட்டும் தனி எர்த் குழி தோண்டலாமா?

வீட்டின் முதன்மை எர்த்தோடு கனமான வயரால் பிணைக்காமல் தனிக் குழி போடுவது ஆபத்து. அருகில் இடி விழும்போது இரு குழிகளுக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு எழுந்து, உங்கள் ஆம்ப்ளிபையர் வழியாகவே பாயும்; சித்திரை மாத இடியும் ஐப்பசி மழையும் அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாறை நிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. எர்த் தடை 20 ஓம் என்றால், கசிவின்போது 11.5 ஆம்பியர்தான் பாயும்; மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்சான 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு விழாது. ஆகவே சிறு கசிவையும் உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அவசியம். பெட்டிக்குச் செலவிட நினைக்கும் பணத்தை இதற்குச் செலவிடலாம்.

குளச்சல் வாசகர்: கடலோர மணலில் எர்த் நன்றாக இருக்குமல்லவா?

உப்பு ஈரம் மண்ணின் தடையைக் குறைக்கும். ஆனால் அதே உப்புக் காற்று பைப்பின் கிளாம்பை அரித்துவிடும். செம்பு வயரும் இரும்பு பைப்பும் சேரும் இடத்தில் பச்சையோ செந்துருவோ படிந்திருந்தால், மின் பணியாளரைக் கொண்டு சுரண்டித் துடைத்து, போல்ட்டை மாற்றி, கிரீஸ் பூசச் செய்யுங்கள்.

தக்கலை வாசகர்: பழைய ரெக்கார்ட் பிளேயரிலிருந்து வரும் மெல்லிய தனி வயரை என்ன செய்வது?

ஆம்ப்ளிபையரின் போனோ இன்புட் அருகே 'கிரவுண்ட்' என்று குறித்த திருகில் இறுக்குங்கள். ஊசி தரும் சிக்னல் மிகச் சிறியது என்பதால், இங்கே மட்டும் ஒரு வயரை இணைத்ததுமே உறுமல் அடங்குவதை யாரும் காதால் கேட்கலாம்.