அண்ணனுக்கு எண்ணெய் கொடுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 44 வயது. மூளை நரம்புகள் மெல்ல மெல்ல அழியும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய் என்று மரபணுப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. ஒரு வருஷத்தில் 60 கிலோவிலிருந்து 52-க்கு இறங்கிவிட்டார். பாரிஸில் ஓர் எண்ணெய் கொடுத்ததில் மூளைக்குத் தெம்பு வந்ததாகப் படித்தேன். அதற்குப் பதிலாகத் தேங்காயெண்ணெயை ஒரு மாதம் கொடுத்துப் பார்க்கட்டுமா? - ஒரு வாசகி, குன்னூர்

பதில்: நீங்கள் படித்தது ட்ரைஹெப்டனோயின் என்ற, செயற்கையாகத் தயாரிக்கும் எண்ணெயைப் பற்றி. அதன் கொழுப்பமிலத்தில் 7 கார்பன். இரண்டிரண்டாக உடைந்து கடைசியில் மிஞ்சும் 3 கார்பன் துண்டுதான், செல்லின் சக்திச் சுழற்சியில் குறைந்துபோனதை நிரப்புகிறது. தேங்காயெண்ணெயில் 8, 10, 12 என எல்லாம் இரட்டைப்படை. அந்தத் துண்டு கிடைக்காது. நடுத்தர நீளக் கொழுப்பமிலங்களை மட்டும் கொண்டு கடையில் விற்கும் எம்.சி.டி. எண்ணெயும் அப்படியே.

பாரிஸ் ஆய்வில் 10 பேர், ஒரு மாதம், தினம் கிலோ எடைக்கு 1 கிராம். ஸ்கேனில் மூளையின் சக்தி அளவு தேறியது உண்மை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, மருந்துக் குணமில்லாத போலி எண்ணெய் குடித்த குழு இல்லை. மீன் எண்ணெயிலிருந்து எடுக்கும் எத்தில்-இ.பி.ஏ. மீதும் நம்பிக்கை இருந்தது. 316 பேரை வைத்து, தினம் 2 கிராம் மருந்தையும் போலி மருந்தையும் ஆறு மாதம் ஒப்பிட்டார்கள். 2008-ல் வெளியான முடிவில் உடல் அசைவுகளில் பலன் தெரியவில்லை. வீட்டில் ஒரு மாதம் கொடுத்தால், அண்ணன் நன்றாகத் தூங்கிய வாரமெல்லாம் எண்ணெயின் கணக்கில் சேர்ந்துவிடும்.

எனக்குக் கவலை அந்த 8 கிலோதான். அதற்கு எந்தச் சமையல் எண்ணெயும் உதவும். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி. மசித்த உருளைக்கிழங்கிலோ குழைந்த பருப்புச் சாதத்திலோ கலந்து, நாளுக்கு ஒரு மேசைக்கரண்டியில் தொடங்கி, நாலு நாளுக்கு ஒன்று கூட்டி, நாலு மேசைக்கரண்டிவரை போகலாம். அவசரப்பட்டால் வயிற்றுப்போக்கு வரும். வெறும் எண்ணெயாகக் குடிக்கக் கொடுக்கவே கூடாது. இந்த நோயில் விழுங்குவது தடுமாறும். புரையேறி நுரையீரலுக்குள் போன எண்ணெய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். நிமிர்ந்து உட்காரவைத்து, சின்ன ஸ்பூனால் ஊட்டி, முந்தைய வாய் இறங்கியபிறகு அடுத்ததைக் கொடுங்கள். சாப்பிட்டபின் அரைமணி நேரமாவது படுக்கவிடாதீர்கள். வாரம் ஒருமுறை, ஒரே தராசில் எடை பாருங்கள். அப்படியும் இறங்கினாலோ, டீ குடிக்கையில் இருமினாலோ, நரம்பியல் மருத்துவரிடம் விழுங்கும் பரிசோதனை கேளுங்கள்.

உங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும் நீலகிரித் தைலத்தைச் சளிக்கென்று உள்ளே கொடுத்துவிடாதீர்கள். ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே வலிப்பு வரலாம்.

புது எண்ணெய் ஆய்வு என்று யாராவது அழைத்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் முதலில் கேளுங்கள். எண்ணெய்க்குக் காசு கேட்டால் சேர வேண்டாம்.