பக்கவாத்தியமா?

கேள்வி: பில் எவன்ஸின் தனி பியானோ பதிவுகள், ட்ரையோ (மூவர் குழு) பதிவுகள் இரண்டையுமே விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஜாஸுக்குப் புதியவன் நான். தனியாக வாசித்ததில் தொடங்கட்டுமா, பக்கவாத்தியங்களோடு வாசித்ததிலா?

பதில்: 'பக்கவாத்தியம்' என்ற சொல்லை முதலில் கீழே வையுங்கள். நம் கச்சேரிகளிலேயே எனக்குப் பிடிக்காத சொல் அது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களை இந்தப் பக்கத்தில் பலமுறை திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன்.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்டு என்ற நிலவறை கிளப். எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ டபுள் பாஸ் (ஆள் உயர வயலின் போன்ற, கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் தந்தி வாத்தியம்), பால் மோஷியன் டிரம்ஸ். மதியமும் இரவுமாக 5 செட் வாசித்தார்கள். மேசைப் பேச்சும் கண்ணாடிக் கோப்பைகளின் சத்தமும்கூடப் பதிவில் விழுந்திருக்கின்றன. அதில் லஃபாரோவைக் கேளுங்கள். தாளத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும் பாஸ் இல்லை அது. எவன்ஸ் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் குறுக்கே பேசுகிறார், மேல் ஸ்தாயிக்கு ஏறிப் பாடுகிறார், திடீரென்று சும்மா இருக்கிறார். அந்தச் சும்மாவுக்கும் எவன்ஸ் பதில் வாசிக்கிறார்.

11 நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. எவன்ஸ் பல மாதம் மேடை ஏறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவிலிருந்து முதலில் வந்த இசைத்தட்டு லஃபாரோ எழுதிய இசையில் தொடங்கி, அவர் எழுதியதிலேயே முடிகிறது. அட்டையிலும் அவர் பெயர் உண்டு.

எனக்குக் கிடைத்த கேசட்டில் அந்தப் பெயர் இல்லை. பதிவு செய்து கொடுத்த கடைக்காரர் நீல மையில் 'பில் எவன்ஸ், பியானோ' என்று மட்டும் எழுதியிருந்தார். என் டேப்ரிக்கார்டரின் உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் பாஸ் ஒரு முனகலாகத்தான் வரும். பியானோவை மட்டும் கேட்டுவிட்டு, 'என்ன பிரமாதமாகச் சொல்கிறார்கள்?' என்று பல வருடம் இருந்துவிட்டேன். நண்பர் வீட்டில் ஹெட்போன் மாட்டிய அன்றுதான் இன்னொரு மனிதர் உள்ளே இருப்பது தெரிந்தது. அத்தனை வருடமும் போச்சே என்று இன்றைக்கும் வருத்தம் உண்டு.

தனி பியானோவா? 1963-இல் எவன்ஸ் ஒரு இசைத்தட்டில் தன் வாசிப்பின் மேலேயே இரண்டு முறை வாசித்துச் சேர்த்தார்; மூன்று பியானோவும் அவரே. கிராமி விருது கிடைத்தது. கூட யாரும் இல்லாத இடத்திலும் பேச்சுத்துணையைத் தானே உண்டாக்கிக்கொண்டவர் அவர். 1968-இல் நிஜமாகவே தனியாக உட்கார்ந்து பதிவு செய்த 'அலோன்' அப்புறம் வரட்டும். அதிலுள்ள அமைதி, ட்ரையோ காதில் ஏறியபின் கேட்டால்தான் புரியும்.

ட்ரையோவில் தொடங்குங்கள், ஹெட்போனில். முதல் தடவை பியானோவை விட்டுவிட்டு பாஸை மட்டும் கடைசிவரை பிடித்துக்கொண்டு போங்கள்.