வீட்டுக்குள் நடக்கும் தூது: குடும்ப சிகிச்சை பற்றிய கேள்விகளும் பதில்களும்

(மனநல சமூகப் பணியாளராகப் பல குடும்பங்களுடன் அமர்ந்து பேசிவரும் ஒருவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: என் பதினாறு வயது மகனும் என் கணவரும் இரண்டு ஆண்டுகளாக நேரில் பேசிக்கொள்வதில்லை. கட்டணம் முதல் கோபம் வரை எல்லாம் என் வழியாகத்தான் போய் வருகிறது. மகனை மட்டும் ஆலோசனைக்கு அழைத்துப் போனால் போதும் என்கிறார் கணவர். போதுமா?

பதில்: மூவரும் வாருங்கள், அம்மா. இருவருக்கிடையே இறுக்கம் ஏறும்போது மூன்றாமவர் ஒருவரை இழுத்துக்கொண்டு அதைத் தணிப்பது குடும்பங்களின் இயல்பு. அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் இதை முக்கோணம் என்றார். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளை மட்டுமன்றி அவர்களுடைய பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் 1950களில் மருத்துவமனை வார்டிலேயே தங்கவைத்து, அவர்கள் ஒருவரோடொருவர் பழகும் விதத்தை நாள்தோறும் கவனித்தவர் அவர். உங்கள் வீட்டில் தூது செல்பவர் நீங்கள். கணவரின் கடுஞ்சொல்லை மென்மையாக்கி மகனிடமும், மகனின் எரிச்சலைப் பாதியாகக் குறைத்துக் கணவரிடமும் சேர்க்கிறீர்கள். அன்பினால் செய்கிறீர்கள் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் நீங்கள் தாங்கிப் பிடிக்கும் வரை அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் நேரில் கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

சிகிச்சையாளர் முதலில் தீர்ப்புச் சொல்ல மாட்டார். யார் எங்கே அமர்கிறார்கள், யாருக்காக யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்பார். பிறகு, "இதை நீங்களே அவனிடம் கேளுங்கள்" என்று தந்தையை மகன் பக்கம் திருப்பி அமரச் சொல்லக்கூடும். அந்தச் சில நிமிடங்களில் குறுக்கே பேசாமல் இருப்பதுதான் உங்களுக்கு மிகக் கடினமான வேலையாக இருக்கும். பல தாய்மார்கள் அந்த இடத்தில்தான் முதன்முதலாக அழுவதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: மாமியாருக்கும் எனக்கும்தான் பிரச்சினை. என் கணவர் எதிலும் தலையிடாத நல்லவர். அவரையும் ஏன் அழைக்கிறார்கள்?

பதில்: தலையிடாமல் இருப்பதும் ஒரு பங்குதான் என்பதால். சமையல், குழந்தை வளர்ப்பு, பிறந்த வீட்டுக்குப் போய்வருவது என்று சண்டை எதைப் பற்றியதாக இருந்தாலும், கணவனும் மனைவியும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு எடுக்கப்படாமல் கிடப்பதே அடியில் இருக்கிறது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் பேசினால் அத்தையின் கோபமும் உங்கள் கோபமும் சற்று இடம் மாறக்கூடும்.

கேள்வி: என் கணவர் அடிக்கிறார். சேர்ந்து ஆலோசனைக்குப் போனால் திருந்துவாரா?

பதில்: இப்போது சேர்ந்து போக வேண்டாம், அம்மா. அங்கே நீங்கள் சொல்லும் உண்மைக்கு வீடு திரும்பியதும் தண்டனை கிடைக்கலாம். அடிப்பது இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய குற்றமன்று. அதற்கு அடிப்பவரே பொறுப்பு. முதலில் தனியாக வந்து பேசுங்கள். 181 என்ற எண்ணில் மகளிர் உதவி கிடைக்கும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். அவர் வழியாக நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணையும், அதே வீட்டில் வசிக்கும் உரிமையும் கோரலாம்.

கேள்வி: தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை தருகிறோம். வீட்டிலுள்ள நாங்கள் ஏன் வர வேண்டும்? எங்கள் வளர்ப்புதான் காரணம் என்கிறார்களா, ஐயா?

பதில்: இல்லை. அந்தப் பழியைச் சுமந்த பெற்றோர் ஒரு காலத்தில் ஏராளம். அது தவறான பழி. நோய்க்குக் காரணம் குடும்பமன்று, ஆயினும் நோயின் போக்கில் குடும்பத்துக்கு இடமுண்டு. ஓயாத குறைகூறலும் பகைமையும், மூச்சுமுட்டும் அளவுக்கான அக்கறையும் உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகம் என்பதை இலண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரௌனும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்தார்கள். "சோம்பேறி, பத்து மணி வரை தூங்குகிறான்" என்று நாம் திட்டுவது பெரும்பாலும் நோயின் அறிகுறியையோ மருந்தின் விளைவையோதான் என்று தெரியும்போதே வீட்டின் குரல் தணிகிறது.

நம் நாட்டுக்கு இது புதிதுமன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்களைக் கூடாரங்களில் உடன் தங்கவைத்தார். வேலூர் பாகாயத்திலுள்ள மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையைத் தொடக்க காலத்திலிருந்தே கடைப்பிடித்தது. தம்பியைக் கவனிப்பவரை முக்கியமாக அழைத்து வாருங்கள்; அவருக்கும் ஓய்வு எப்படிக் கிடைக்கும் என்பது அங்கே பேச வேண்டிய செய்தி.

கேள்வி: என் கணவர் வரவே மாட்டார். நான் மட்டும் வருவதில் பயனுண்டா?

பதில்: உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் நடக்கும் சண்டையில் உங்கள் முறையை நீங்கள் மாற்றினாலே அடுத்தவர் பழைய பதிலைச் சொல்ல முடியாமல் போகும். சில காலம் அவர் முன்னைவிட அதிகமாகக் கோபப்படலாம். அதனால் மட்டும் நிறுத்திவிட வேண்டாம். ஆனால் அந்தக் கோபம் உங்களை அச்சுறுத்தினால் உடனே சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை.